தியாகராசரின் பத்தியம்

என் புருசன் தியாகராசர் அறக்குளா மீன் குழம்பை வேண்டாம் என்றார். மீனைச் சட்டியோடு தின்கிற மனிதர் அவர். கலியாணம் கட்டி முப்பது வருசத்துக்கு மேலாகிறது. காய்ச்சல் என்று படுக்கிற நாளிலும் மீன் தலைத்துண்டை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார். அப்படிப்பட்டவர் குழம்புக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "எனக்குப் பருப்பும் சொதியும் காணும்" என்றார்.

"ஏன், குழம்பில என்ன பிழை?"

"ஒரு பிழையுமில்லை. வயசு போகுதெல்லோ. மரக்கறி நல்லதெண்டு சொல்லினம்."

ஆர் சொல்லுகினம்? அதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. டொக்டரும் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற தொடர்மாடியில் மீன், மச்சம் தொடாத ஆள் ஒருத்திதான். கீழ்வீட்டுத் தவமலர் ரீச்சர்.

தவமலர் சங்கீத ரீச்சராக இருந்து பென்சன் எடுத்தவள். புருசன் இல்லை. வவுனியாவிலிருந்து வந்து எங்களுக்கு நேர் கீழே வாடகைக்கு இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூப்பு, ஆனால் பார்க்கிறவர்கள் என்னைத்தான் அக்கா என்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகிவிட்டு, ஈரமயிரை விரித்துவிட்டபடி பல்கனியில் நின்று பாடுவாள். இவர் மேலே எங்கள் பல்கனியில் கதிரை போட்டுப் பேப்பர் படிப்பார். மற்ற நாட்களில் கால் மணித்தியாலத்தில் படித்து முடிக்கிற பேப்பர், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முடியவே முடியாது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு எரியத் தொடங்கியது தவமலரில் இல்லை, பூனையில்.

படியடியில் கிடக்கிற தெருப்பூனை அது. மண்ணிறமும் வெள்ளையும் கலந்தது. ஒரு காது பாதிதான் இருக்கிறது. வீடு இல்லை, சொந்தக்காரர் இல்லை. இவர் பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, படியில் குந்தியிருந்து அதன் தலையைத் தடவுவார். "என்ர குஞ்சு, சாப்பிட்டியா? ஆர் உனக்கு அடிச்சது?" என்று கேட்பார். மேல்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் சாப்பிட்டேனா என்று இந்த மனிதர் ஒருநாள் கேட்டதில்லை. சோற்றுக் கோப்பையில் கை கழுவிவிட்டு எழும்பிப் போவார், அவ்வளவுதான். காதறுந்த பூனைக்குக் கிடைத்த கேள்வி கட்டின பெண்சாதிக்குக் கிடைக்கவில்லை. இதை ஆரிடம் போய்ச் சொல்லுகிறது? சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தப் பூனைச் சாதியால் நாங்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமில்லை. கொரோனாவுக்கு முந்தி இதன் தாய் இவருடைய பெருவிரலைக் கடித்தது. பிறகு இது வளர்ந்து முழங்கையில் பிறாண்டியது. இரண்டு முறையும் நான்தான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியைப் போடுவித்தேன். நாய்க்கு மட்டுமில்லை, பூனைக்கும் அதே ஊசிதான். ஊசி போடுகிற காலத்தில் மீன், நண்டு, கத்தரிக்காய் ஒன்றும் தொடக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பத்தியம். அங்கே ஊசி போட்ட மிஸ்ஸி, அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம் என்று சிரித்தாள். சிரிக்கட்டும். மீன் தின்றால் ஊசி வேலை செய்யாது, பூனை மாதிரிக் கத்திக்கொண்டு சாவீர்கள் என்று வெருட்டி வெருட்டி, பருப்பும் சொதியுமாகவே கொடுத்து அவரைக் காப்பாற்றியது நான்.

இரண்டாம் முறை ஊசி முடிந்த அன்றே தெளிவாகச் சொல்லிவைத்தேன். "இனி ஒரு கீறல் உங்கட கையில கண்டன் எண்டா, அந்தச் சனியனை உரப்பையில போட்டுக் கொண்டுபோய்ப் பாமன்கடைப் பாலத்தடியில விட்டிட்டு வருவன்." அவர் தலையாட்டினார்.

இனிக் குழம்புக்கு வருகிறேன். அடுத்த நாளும் மீன் வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாள் இறால் பொரித்தேன். மணத்துக்கு ஊரே திரும்பிப் பார்த்திருக்கும், இவர் திரும்பவில்லை. வேண்டாம் என்கிறவர் வீட்டில் மீன் மிஞ்சத்தானே வேண்டும்? மிஞ்சவில்லை. இரவு மூடிவைத்த சட்டியைக் காலையில் திறந்தால் இரண்டு துண்டு குறைகிறது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் எடுக்கவில்லை.

இதற்குள் சேர்ட் வேறு. கொழும்பு வெயிலில் பெனியனோடு திரிகிற ஆள், திடீரென்று முழுக்கைச் சேர்ட் போட்டு, மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். "கலியாண வீடு ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். "நுளம்பு" என்றார். நுளம்பு என்னைக் கடிக்காதாக்கும். நல்லதுக்கு நடந்தது ஒன்றுதான், அந்தக் கிழமை படியடியில் பூனையைக் காணவில்லை. தொலைந்தது சனியன் என்று பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தினேன்.

ஒருநாள் பின்னேரம் உடுப்பு வாளியோடு மொட்டைமாடிக்குப் போக வெளிக்கிட்டவள், கீழே ஏதோ சத்தம் கேட்டுப் படியில் எட்டிப் பார்த்தேன். என் புருசன் தவமலரின் கதவடியில் நிற்கிறார். கையில் எங்கள் வீட்டு ஐஸ்கிறீம் பெட்டி. நான் மீன் போட்டு வைக்கிற பெட்டி அது. மூடியில் நான் கத்தியால் போட்ட அடையாளம் எனக்குத் தெரியாதா? தவமலர் கதவைத் திறந்தாள், சிரித்தாள், பெட்டியை வாங்கினாள். இவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு நின்றேன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. அவளுக்காக இவர் மரக்கறிக்கு மாறிவிட்டார். அவளோ, சைவம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு என் சட்டி மீனைக் களவாகத் தின்கிறாள். திருநீற்றுப் பூச்சும் சங்கீதமும், உள்ளுக்குள் அறக்குளா. கோதாரியில் போவாள். மீன் போனால் போகட்டும். அந்த வீட்டுக்குள் போய் இருந்து இவர் என்ன கேட்பார்? "சாப்பிட்டீரோ" என்றுதானே கேட்பார்? அந்த நினைப்புத்தான் என்னை நெஞ்சுக்குள் பிறாண்டியது.

அவரிடம் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மழுப்புவார். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. விடியவே எழும்பிக் குளித்து, இஸ்திரி போட்ட சேர்ட்டை மாட்டிக்கொண்டு, "புதுக்கடைக்கு ஒருக்காப் போட்டு வாறன். லோயரைச் சந்திக்கவேணும், காணி விசயம்" என்றார்.

"இண்டைக்கோ?"

"ஓம்."

"இண்டைக்குப் போயா."

அவர் சேர்ட் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். பௌர்ணமி விடுமுறை. போயாவுக்குக் கோர்ட்டும் இல்லை, லோயரும் இல்லை, புதுக்கடையில் ஒரு சாப்பாட்டுக் கடைகூடத் திறந்திருக்காது. கொழும்பில் இத்தனை வருசம் இருந்தும் இந்த மனிதருக்கு ஒழுங்காய் ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவளுக்குத்தான் வெற்றி என்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "நல்லதாப் போச்சு. உடுத்த உடுப்போட வாங்கோ, கொட்டாஞ்சேனைக்குப் போவம். தனுஷியா எத்தினை நாளாக் கூப்பிடுறாள்."

"இண்டைக்கு வேண்டாமே, நாளைக்குப் போவம்."

"இண்டைக்குத்தான்."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் செருப்பைக் கொழுவிக்கொண்டு வந்தார். கீழ்வீட்டைக் கடக்கும்போது தலையை அந்தப் பக்கம் திருப்பினார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கினேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மகள் தனுஷியா நண்டு காய்ச்சியிருந்தாள். தகப்பனுக்கு நண்டு என்றால் உயிர் என்று, பெரிய காலாகப் பார்த்துக் கோப்பையில் வைத்தாள். அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த மணிக்கூட்டைத்தான் பார்த்தார். வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் பிள்ளை. பருப்பு மட்டும் விடு."

எனக்கு அதோடு பொறுமை அறுந்துவிட்டது.

"அப்பா இப்ப சைவம், பிள்ளை. மீனெல்லாம் கீழ்வீட்டுக்குத்தான். ரீச்சர் என்ர சட்டி மீனைத் தின்னுறா, அப்பா பெட்டியில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்திட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். இண்டைக்கும் போயாவெண்டு தெரியாமப் புதுக்கடைக்கு வெளிக்கிட்டவர். எங்க போக இருந்தவரெண்டு நீயே கேள். நான் கேட்டா மரியாதை கெட்டுப்போகும்."

"அம்மா, என்ன கதைக்கிறீங்கள்?" தனுஷியாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

அவர் இடக்கைப் பொத்தானைக் கழற்றி, சேர்ட்டை முழங்கை வரைக்கும் சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்த குழிகள். சுற்றிவர மஞ்சளும் நீலமுமாய்க் கன்றியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தனான்" என்றார். "இண்டைக்கு மூண்டாவது ஊசி. போன கிழமை குஞ்சு கடிச்சுப்போட்டுது. கடுவன் பூனையோட சண்டை பிடிச்சுது, விலக்கப் போனன்."

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். வேறொருத்தி இல்லை என்ற சந்தோசம். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. ஊசி நாளில் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கிறேன். விசர் ஏறினால் பிறகு மருந்தே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அதை உரப்பையில போடுவீர். பூனையை ரெண்டு கிழமை கண்ணில வைச்சுப் பாக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். அது சுகமா இருந்தாத்தான் எனக்கும் பயமில்லை. நீர் பாமன்கடையில கொண்டுபோய் விட்டா, அதுக்கு விசர் இருந்ததோ இல்லையோ எண்டு ஆர் சொல்லுறது? அதுதான் ரீச்சரின்ர பல்கனியில வைச்சிருக்கிறன்."

"அப்ப மீன்?"

"பூனைக்கு."

"நீங்கள் ஏன் தின்னேல்லை?"

இவ்வளவு நேரமும் குற்றவாளி மாதிரி இருந்தவர், இதைக் கேட்டதும் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "ஊசியெல்லோ போடுறன். மீன் திண்டா வேலை செய்யாதெண்டு நீர்தானே சொன்னனீர்."

தனுஷியா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் பொய் சொல்லுகிற நேரத்திலும் நான் சொன்ன பத்தியத்தைக் காத்திருக்கிறார். இதற்கு இவரைக் கட்டிப்பிடிக்கிறதா, அகப்பையால் அடிக்கிறதா என்று விளங்கவில்லை. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தோம்.

ஓட்டோ ஆமர் வீதி நெரிசலில் நின்றபோது, எனக்குள் அடங்கியிருந்தது மறுபடி தலையெடுத்தது. இவரைப் பூனை கடித்தது அவளுக்குத் தெரியும். ஊசி நாள் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியாது.

"கடிச்ச உடன புண்ணைக் கழுவினீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். ரீச்சர் வீட்டுப் பைப்பில."

"ஆர் கழுவினது?"

அவர் வெளியே பார்த்தார். "கை நடுங்கினது. அவதான் பிடிச்சுச் சவர்க்காரம் போட்டுவிட்டவ. கால் மணித்தியாலம் ஓடுற தண்ணியில கழுவவேணுமெல்லோ."

கால் மணித்தியாலம். அவள் என் புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றிருக்கிறாள். அவள் செய்தது புண்ணியம்தான், கழுவாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் வயிறு எரிந்தது. நான் இவருடைய கையைக் கடைசியாக அவ்வளவு நேரம் பிடித்தது மணவறையில்தான், அதுவும் ஐயர் பிடிக்கச் சொன்னபடியால்.

ஆஸ்பத்திரியில் போயா நாளிலும் சனம். எங்கள் முறை வந்ததும் மிஸ்ஸி ஊசியை ஆயத்தப்படுத்தியபடி, "பூசா ஹொந்தின் இன்னவாத?" என்று சிங்களத்தில் பூனையின் சுகத்தை விசாரித்தாள். "ஓவ் மிஸ், ஹொந்தின் இன்னவா" என்றார் இவர், பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற முகத்தோடு. பிந்தவில்லை, இன்றைக்குள் வந்தது போதும் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்தியத்தைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் படியேறாமல் நேரே தவமலரின் கதவைத் தட்டினேன். இவர் பின்னால் தயங்கித் தயங்கி நின்றார். தவமலர் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ அக்கா." அக்காவாம்.

"பூனையை எடுக்க வந்தனான்" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "கொண்டு போங்கோ அக்கா, கோடி புண்ணியம். மீன் மணத்தில எனக்கு ஒரு கிழமையாச் சோறு இறங்கேல்லை. அண்ணை கையைப் பிடிச்சுக்கொண்டு அழாக்குறையாக் கேட்டவர், எப்பிடி மறுக்கிறது? உங்களுக்குத் தெரிஞ்சா தன்னை வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவீங்கள் எண்டெல்லோ சொன்னவர்."

அவள் நல்லவள். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கெட்டவளாக இருந்திருந்தால் வாய் நிறையப் பேசிவிட்டு வந்திருக்கலாம். பல்கனியில் பூனை அவளுடைய பழைய சேலை ஒன்றின் மேல் மகாராணி மாதிரிக் கிடந்தது. உடுப்புக் கூடைக்குள் அதை இவர் தூக்கி வைத்தார். நான் கூடையை வாங்கிக்கொண்டு படியேறினேன். மிச்சக் கிழமை அது என் வீட்டில்தான், என் கண்ணுக்கு முன்னால்தான். கீழ்வீட்டுக் கதவைத் தட்ட இவருக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

இல்லைத்தான். ஆனால் பழைய எரிச்சல் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து குந்தியது. விடிந்தால் பல்கனி, பொழுதுபட்டால் பல்கனி. "என்ர குஞ்சு, சாப்பிட்டியா? நித்திரை கொண்டியா?" முந்திப் படியில் கேட்டதை இப்போது குசினியில் நின்று கேட்கிறேன். பேப்பரைக்கூட அதற்கு வாசித்துக் காட்டுகிறார். பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். இதற்கு நானே சாப்பாடு வைக்கிறேன். கை பழகினால் பூனை என் பக்கம் வரும். பூனை என் காலடியில் கிடந்தால், அவரும் அங்கேதானே வந்து குந்தவேண்டும்?

நல்ல சூடைமீனாகப் பார்த்து அவித்து, மத்தியானம் பல்கனிக்குக் கொண்டுபோனேன். அது என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கோப்பையை வைத்தேன். கிட்ட வந்து வாய் வைத்தது. முள் இருக்குமே என்று கையை விட்டு எடுக்கப் போனேன். அவ்வளவுதான். உறுமிக்கொண்டு ஒரே இழுவை. வலக்கைப் புறங்கையில் மூன்று கோடு, மூன்றிலும் ரத்தம்.

"ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன்.

இவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். பூனையைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், பைப்பை முழுதாகத் திறந்து, கையைத் தண்ணீருக்குள் பிடித்தார். சவர்க்காரத்தை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, ஒவ்வொரு கீறலாகக் கழுவினார். நல்லாய் எரிந்தது. நான் கையை இழுக்கவில்லை.

"பயப்படாதையும்" என்றார். "உமக்கு முந்தி ஊசி போட்டதில்லை, அதால முழுக்கப் போடவேணும். உடன போவம். நான் கூட வாறன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில நேரம் செல்லும். சாப்பிட்டீரோ?"

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். "இல்லை" என்றேன்.

"வழியில ஏதும் சாப்பிடுவம். மீன் வேண்டாம், என்ன. பத்தியம்." அவருடைய குரலில் பகிடி இல்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிவிட்டன. வாசலில் பூனை வந்து குந்தியிருந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்தத் தொடங்கியது. அடித்தொண்டையால் விடாமல் கத்தியது. அது ஏன் கத்துகிறது என்று எனக்கா தெரியாது? நான் எத்தனை வருசம் உள்ளுக்குள் அப்படிக் கத்தியிருக்கிறேன்.

அவர் திரும்பி அதைப் பார்த்தார். பிடி கொஞ்சம் தளர்ந்தது. "கால் மணித்தியாலம் ஆச்சுது. இனிக் காணும், என்ன?" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை. சவர்க்காரத்தை எடுத்து மறுபடி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"கால் மணித்தியாலம் ரீச்சர் உங்களுக்குக் கழுவினது" என்றேன். "எனக்கு அரை மணித்தியாலம் கழுவுங்கோ."